விளையாட்டுப் பொறிகளும் எல்லைப்புறத் தமிழும்

சென்ற வாரம் வண்டிப்பெரியாற்றைச் சேர்ந்த கணினிப் பயன்பாட்டியல் மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தம் பாட்டனார் வேலை செய்த தேயிலைத் தோட்டத்தை ஓர் இணைய விளையாட்டு உலகமாக எழுப்ப வேண்டும், பல நூறு பேர் ஒரே நேரத்தில் அதற்குள் நடமாட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். "யூனிட்டியில் தொடங்கலாமா, அன்ரியலில் தொடங்கலாமா, அண்ணா?" என்று கேட்டார். எல்லைப்புறத் தமிழை ஆய்வு செய்யும் என்னிடம் இதை ஏன் கேட்கிறார் என்று முதலில் விளங்கவில்லை. "கணினி ஆசிரியர்கள் சொன்னபடி செய்து பார்த்துவிட்டேன். படம் வருகிறது, தமிழ் வரவில்லை" என்று சொல்லி ஒரு திரைப்படியை அனுப்பினார். அதில் 'கொழுந்து' என்னும் சொல் சிதைந்து கிடந்தது. ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 'ழு', 'து' ஆகிய எழுத்துகள் தம் உருவைப் பெறாமல், உகரக் குறி தனியே தொங்கியது.

அவருக்கு அன்று சுருக்கமாகச் சொன்ன விடையை, தமிழ்த் துறைகளிலும் கணினித் துறைகளிலும் உள்ள நண்பர்கள் முன் சற்று விரித்து வைக்க விரும்புகிறேன். எந்தப் பொறி என்று நம் மாணவர்கள் கேட்கும்போது, அவர்கள் மனத்தில் இருப்பது படம் வரையும் பாதி. பல்லாயிரவர் கூடும் உலகத்தைத் தாங்கி நிறுத்துவது மற்றொரு பாதி. அந்த மற்றொரு பாதியில் எழும் சிக்கல்கள் எல்லை, எழுத்து, இலக்கணம் என்னும் மூன்றையும் சார்ந்தவை. பாலக்காட்டு, இடுக்கி எல்லைப் பகுதிகளின் தமிழர்கள் இம்மூன்றையும் பட்டறிந்தவர்கள். ஆதலால் இத்துறை கணினியாளர்க்கு மட்டும் உரியது என்று தமிழ்த் துறைகள் ஒதுங்கி நிற்பது பிழை என்பது என் கருத்து.

முதலில் பொறி என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். எந்த விளையாட்டாயினும் காட்சியை வரைதல், பொருள்களின் அசைவையும் மோதலையும் கணக்கிடுதல், ஒலி எழுப்புதல், விரலசைவைப் பெறுதல் ஆகிய வேலைகள் பொதுவானவை. ஒவ்வொரு முறையும் இவற்றைப் புதிதாக எழுதாமல், ஒருமுறை எழுதித் தொகுத்துப் பலமுறை பயன்படுத்தும் மென்பொருள் தொகுதியே விளையாட்டுப் பொறி. யூனிட்டியும் அன்ரியலும் இவ்வகையில் உலகெங்கும் பரவியவை. நம் மாணவர்கள் அறிந்த இணைய விளையாட்டு பெரும்பாலும் பப்ஜி; 2020 செப்டம்பரில் அது இந்தியாவில் தடை செய்யப்பட்டபின், 2021 ஜூலையில் அதன் இந்திய வடிவம் வந்தது. அன்ரியல் பொறியில் அமைந்த அவ்விளையாட்டில் ஒரு தீவில் நூறு பேர் இறங்குகிறார்கள். அரைமணி நேரத்தில் ஆட்டம் முடிகிறது. ஆட்டத்தோடு அந்தத் தீவும் முடிந்துபோகிறது.

பல்லாயிரவர் பங்கேற்கும் நிலையுலக விளையாட்டு வேறு இனத்தைச் சேர்ந்தது. 1997இல் வந்த அல்ட்டிமா ஆன்லைன், 1999இல் வந்த எவர்குவெஸ்ட், 2003இல் வந்த ஈவ் ஆன்லைன், 2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆகியவற்றில், ஆடுபவர் வெளியேறிய பின்னும் உலகம் நின்று நிலவுகிறது. சந்தை நடக்கிறது, பகைமையும் நட்பும் தொடர்கின்றன. இந்த நிலைபேற்றைத் தருவது பயனரின் கையிலிருக்கும் கருவியன்று. எங்கோ ஓரிடத்தில் இரவும் பகலும் இயங்கும் சேவையகமே அதைத் தருகிறது. ஐஸ்லாந்தில் உருவான ஈவ் ஆன்லைனின் சேவையகம் பைத்தான் மொழியின் ஒரு திரிந்த வடிவத்தில் எழுதப்பட்டது. படம் வரையும் பொறியைச் சந்தையில் வாங்கலாம். இந்த இரண்டாம் பாதியைப் பெரும்பாலான நிறுவனங்கள் தாமே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏன் அது கடினம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். ஒரு வெளியில் நூறு பேர் நிற்கிறார்கள், ஒவ்வொருவரும் மற்ற எல்லாரையும் காண்கிறார்கள் என்று கொள்வோம். ஒவ்வொருவருடைய அசைவும் 99 பேருக்குச் சொல்லப்பட வேண்டும். ஆக ஒரு சுற்றுக்கு 9,900 செய்திகள். ஆயிரம் பேர் என்றால் 9,99,000. நொடிக்குப் பத்துச் சுற்று என்றால் ஏறத்தாழ ஒரு கோடி. ஆள்தொகை பத்து மடங்கானால் செய்தித்தொகை நூறு மடங்காகிறது. அதனால்தான் இத்தகைய பொறிகள், யார் யாருக்கு அருகில் இருக்கிறாரோ அவரைப் பற்றி மட்டும் அவருக்குச் சொல்லும் முறையைக் கைக்கொள்கின்றன. ஈவ் ஆன்லைனில் பெரும்போர் மூளும்போது, அவ்விடத்தின் காலத்தையே பத்தில் ஒரு பங்கு வேகம் வரை மெதுவாக்கிவிடுகிறார்கள். உலகம் முறிந்து விழுவதைவிட எல்லாரும் சேர்ந்து மெல்ல நகர்வது மேல் என்பது அங்குள்ள தீர்வு.

ஒரே சேவையகத்தால் தாங்க முடியாதபோது உலகத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு கணினியிடம் ஒப்படைக்கிறார்கள். அந்த நொடியில் எல்லை பிறக்கிறது. ஒரு துண்டின் விளிம்பில் நிற்பவர் எந்தக் கணினிக்கு உரியவர்? அவர் ஒரு கணினியின் பொறுப்பில் மட்டும் இருந்தால், இரண்டடி தள்ளி அடுத்த துண்டில் நிற்பவருக்கு அவர் தெரியமாட்டார். பழைய விளையாட்டுகள் பல, எல்லையைக் கடக்கும்போது திரையை இருட்டாக்கிச் சற்றுக் காத்திருக்கச் செய்து இதைச் சமாளித்தன. ஆஸ்திரேலியாவில் உருவான பிக்வேர்ல்ட் என்னும் பொறி வேறு வழி கண்டது. 'வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்' இப்பொறியின்மேல் எழுந்ததே. அதை உருவாக்கிய வார்கேமிங் நிறுவனம் 2012இல் இப்பொறியையும் விலைக்கு வாங்கிக்கொண்டது. பிக்வேர்ல்டில் எல்லையருகே நிற்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு இருப்புகள் உண்டு. ஒரு கணினியில் அவர் 'மெய்'. அடுத்த கணினியில் அவருடைய படி 'ஆவி'. ஆவியை மற்றவர்கள் காணலாம்; அதன்மீது முடிவெடுக்கும் உரிமை மெய் இருக்கும் கணினிக்கே. அவர் எல்லையைக் கடக்கும்போது மெய்யும் ஆவியும் இடம்மாறிக்கொள்கின்றன. கடந்தவருக்கு அது தெரிவதில்லை. இன்னொன்றும் குறிக்கத்தக்கது. மக்கள் ஒரு பக்கம் கூடிவிட்டால், சுமையைச் சமன்செய்ய எல்லைக்கோடே நகர்கிறது.

இதைப் படித்தபோது தேவிகுளம், பீர்மேடு வரலாறு எனக்கு நினைவுக்கு வந்தது. மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் 1955ஆம் ஆண்டு அறிக்கை அவ்விரு வட்டங்களையும் கேரளத்தோடு வைத்தது. அங்குத் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினர் என்பதை ஆணையம் அறிந்தே இருந்தது. அவர்களுள் பெரும்பகுதியினர் தோட்டங்களுக்கு வந்துபோகும் தொழிலாளர், நிலையான குடிகள் அல்லர் என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. பொறியின் சொற்களில் சொன்னால், அம்மக்கள் காணப்பட்டார்கள். ஆனால் மெய்யாக எண்ணப்படவில்லை. 1956 நவம்பர் 1 அன்று கோடு நிலைத்தது. அதே நாளில் மலபார் மாவட்டத்தின் பகுதியாக இருந்த பாலக்காடு சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்தது. கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அக்கோட்டை மீண்டும் வரையக் கோருவது என் நோக்கமன்று. உவமையை அளவுக்கு மீறி இழுக்கவும் விரும்பவில்லை. யார் மெய், யார் ஆவி என்பது இயற்கை தந்த விடையன்று, ஒருவர் எடுத்த முடிவு என்பதை மட்டும் சுட்டுகிறேன். எல்லையில் வாழ்பவருக்கு இது நூலறிவன்று; குடும்ப அட்டையிலும் பள்ளிச் சேர்க்கையிலும் அன்றாடம் படிக்கும் பாடம்.

அந்த மாணவர் எழுப்ப விரும்பும் உலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூணாற்றுத் தேயிலை ஒருகாலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் வழியே டாப் ஸ்டேஷனுக்குச் சென்றது. அங்கிருந்து கம்பிவழியாக மலைச்சரிவில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தது. 1924 வெள்ளத்தில் அந்த இரயில்பாதை அழிந்துபோயிற்று. இந்தப் பாதையை ஓர் இணைய உலகத்தில் மீட்டெழுப்பினால், மலைமேல் ஒரு துண்டும் மலையடியில் ஒரு துண்டும் அமையும். கம்பியில் இறங்கும் பெட்டி நடுவழியில் எந்தச் சேவையகத்துக்கு உரியது என்னும் கேள்வி வந்தே தீரும். குமுளிக்கு அருகிலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயில் சித்திரை முழுநிலவு நாளில் திறக்கும்போது, தேனி, இடுக்கி ஆகிய இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து ஏற்பாடுகளைச் செய்கின்றன. ஓரிடத்தை இருவர் கூடி ஆளும் ஏற்பாட்டுக்கு நம்மிடம் நடைமுறைச் சான்று இருக்கிறது. எல்லையை எப்படிக் கையாள்வது என்று சிந்திக்கும் கணினி மாணவர் இவற்றையும் படித்தால் அவருடைய வடிவமைப்பு வளம்பெறும்.

அடுத்து எழுத்து. 'கொழுந்து' ஏன் சிதைந்தது? ஒருங்குறியில் 'கொ' என்பது ககரம், அதன்பின் ஒகரக் குறி என்னும் வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையிலோ, அக்குறி இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி முன்னும் ஒரு பாதி பின்னும் நிற்க வேண்டும். 'ழு' போன்ற எழுத்துகளில் இரண்டு குறிகள் சேர்ந்து புதிய வடிவம் ஒன்றைப் பெற வேண்டும். இந்த மாற்றங்களைச் செய்யும் பணி பொறிக்குள் இருந்தாக வேண்டும். எழுத்துரு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. திறந்த மூல உலகில் இப்பணியைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் நிரலகம். அப்பெயர் 'திறந்த எழுத்து' எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லாட்சி. அன்ரியல் பொறி இந்நிரலகத்தைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறது. பெக்கெட்டின் நாடகத்திலிருந்து பெயர் பெற்ற கோடோ என்னும் திறந்த மூலப் பொறி, 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பில்தான் இதைச் சேர்த்துக்கொண்டது. யூனிட்டியில் நெடுங்காலம் வழக்கிலிருக்கும் எழுத்துக் கருவி இந்திய எழுத்துகளை இவ்வாறு வடிவமைப்பதில்லை. அண்மைப் பதிப்புகளில் அதற்கு மாற்றான கருவி வந்திருப்பினும், மாணவர்கள் பின்பற்றும் பயிற்சிப் பாடங்கள் பலவும் பழைய கருவியையே கற்பிக்கின்றன.

இதன் விளைவு ஒரு விந்தை. யூனிட்டியில் தமிழ் காட்ட முயலும் பலர், ஒருங்குறித் தமிழைப் பாமினி போன்ற பழைய குறிமுறைக்கு மாற்றித் திரையில் ஒப்பேற்றுகிறார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது, கணினிக்குள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசையாக இருக்கும். 1999ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழ்நெட் மாநாட்டின் காலத்தில் நம் முன்னோடிகள் எந்தக் குறிமுறைக் குழப்பத்தோடு போராடினார்களோ, அதே குழப்பம் விளையாட்டுப் பொறியின் பின்வாசல் வழியே திரும்பி வந்திருக்கிறது. தனிநபர் விளையாட்டில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பல்லாயிரவர் பேசிக்கொள்ளும் உலகத்தில் பொறுக்க முடியாது. அங்கே எழுத்து காட்சிப் பொருளன்று. உரையாடல், பெயர், தேடல், முறையீடு எல்லாம் அதுதான்.

பெயர்க்கட்டத்தில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. இது வேட்டைக்காரர் வைக்கும் பொறி. பொதுவழக்கிலுள்ள யூ.டி.எஃப்-8 முறையில் ரோமன் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட் வேண்டும். ஒருவர் தமக்கு 'மூணாறு' என்று பெயரிட்டுக்கொள்ள விரும்பினால், ம, ஊகாரக் குறி, ண, ஆகாரக் குறி, ற, உகரக் குறி என ஆறு குறிகளுக்குப் பதினெட்டு பைட் ஆகிறது. பெயருக்குப் பதினாறு பைட் மட்டும் ஒதுக்கிய சேவையகத்தில் அது 'மூணாற' என்று அறுபட்டு, ஓர் உடைந்த துணுக்கோடு நிற்கும். அதே ஊரை ரோமன் எழுத்தில் எழுதினால் ஆறே பைட். யாரும் தமிழை விலக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. பதினாறு என்று ஒருவர் ஓர் எண்ணை எழுதினார், அவ்வளவுதான். விலக்குதல் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

"பிள்ளைகள் எப்படியும் ரோமன் எழுத்தில்தானே தமிழைத் தட்டச்சு செய்கிறார்கள், இதில் என்ன இழப்பு?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது. பேருந்துப் பலகையிலும் அலுவலகத்திலும் மலையாளம் படிக்கிறது. விளையாட்டில் ரோமன் எழுத்தில் எழுதுகிறது. தமிழ் எழுத்து அப்பிள்ளைக்குப் பாடநூலில் மட்டும் எஞ்சும் ஒன்றாகிவிடுகிறது. பொறி தமிழை ஏற்காததால் ரோமனுக்குப் போனவர்களைக் காட்டி, ரோமனே போதும் என்று வாதிடுவது, பாலம் இல்லாத ஆற்றை எவரும் கடப்பதில்லை என்று காட்டிப் பாலம் தேவையில்லை என்பது போன்றது.

அயல்மொழியாரின் முயற்சியையும் இங்கு நன்றியோடு குறிக்க வேண்டும். சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் தன்னார்வக் குழு, மலையாள எழுத்தைக் கணினியில் செம்மையாகக் காட்டப் பல்லாண்டு உழைத்த அமைப்பு. அக்குழுவினர் தமிழுக்கென்று 'மீரா இனிமை' என்னும் எழுத்துருவையும் உருவாக்கித் திறந்த உரிமத்தில் தந்திருக்கிறார்கள். கேரள அரசுப் பள்ளிகளில் 2018 முதல் இயங்கும் லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் அசைவூட்டம், நிரலாக்கம் ஆகியவற்றோடு மலையாளக் கணிமையும் ஒரு பாடப்பகுதி. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளில் அதற்கு நிகராகத் தமிழ்க் கணிமை முழு அளவில் அமைய வேண்டும் என்று கேட்பது நியாயமான வேண்டுகோள். கேட்க வேண்டியவர்கள் நாம்.

மூன்றாவது இலக்கணம். இங்குதான் அந்த மாணவருக்கு நான் சொன்ன நேரடி விடை இருக்கிறது: முதலில் படமே வேண்டா, எழுத்தால் ஆன உலகத்தைக் கட்டுங்கள் என்றேன். பல்லாயிரவர் விளையாட்டுகளின் மூதாதை 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்னும் இரண்டு மாணவர்கள் தொடங்கிய மட் என்னும் எழுத்து விளையாட்டு. ஆடுபவர் கட்டளைகளைத் தட்டச்சு செய்வார். இடமும் பொருளும் நிகழ்ச்சியும் சொற்களாகவே திரும்பி வரும். கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் 1990ஐ ஒட்டி எழுதிய டிக்குமட், பின்னர் வந்த எவர்குவெஸ்ட்டின் அமைப்பில் ஆழமான தாக்கம் செலுத்தியது. இத்துறையின் வேர்கள் பெருநிறுவனங்களில் இல்லை; பல்கலைக்கழக மாணவர் அறைகளில் இருக்கின்றன என்பதை நம் துறைத்தலைவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

எழுத்து உலகம் கட்டுவதற்கு எவென்னியா என்னும் திறந்த மூலப் பொறி இருக்கிறது. பைத்தானில் எழுதப்பட்டது, ஒருங்குறியை ஏற்பது. ஆனால் அதன் இயல்பான அமைப்பு, கட்டளையின் முதற்சொல்லை வினையாகக் கொள்கிறது. ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். தமிழில் வினை இறுதியில் வருகிறது. 'பெட்டியைத் திற' என்று எழுதினால் அது 'பெட்டியைத்' என்னும் வினையைத் தேடும், காணாமல் விழிக்கும். இந்தப் பகுப்பியை மாற்றிக்கொள்ள எவென்னியா இடமளிக்கிறது. மாற்றுவது எப்படி என்பதைத்தான் தமிழ்த் துறை சொல்ல வேண்டும்.

'சாவியால் பெட்டியைத் திற' என்றாலும் 'பெட்டியைச் சாவியால் திற' என்றாலும் பொருள் ஒன்றே. சொற்களின் வரிசையைவிட வேற்றுமை உருபே இங்கு உறவைச் சொல்கிறது. ஆகவே தமிழ்ப் பகுப்பி வரிசையை நம்பாமல் உருபை நம்ப வேண்டும். ஆனால் உருபைப் பிரிப்பதும் எளிதன்று. வல்லினம் மிகுந்து 'பெட்டியைத்', 'பெட்டியைச்' என்று ஈறு மாறுகிறது. 'மரம்' என்பது 'மரத்தை' ஆகிறது, அத்துச் சாரியை பெற்று. 'வீடு' 'வீட்டை' ஆகிறது; 'ஆறு' 'ஆற்றை' ஆகிறது. ஆடுபவர் உருபையே தொகுத்துவிட்டுப் 'பெட்டி திற' என்றும் எழுதலாம். எல்லைப்புறத்தில் இது இன்னும் சுவையாகிறது. மலையாளத்தில் அஃறிணைப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டாம் வேற்றுமை உருபை ஏற்பதில்லை. இரண்டு மொழிகளையும் நாவில் கொண்ட சித்தூர்க்காரர் ஒருவர் எப்படிக் கட்டளையிடுவார் என்பதை ஊகித்துச் சொல்ல முடியாது. பதிவு செய்து ஆராய வேண்டும். வேற்றுமையியலையும் புணரியலையும் தேர்வுக்காகப் படித்த நம் முதுகலை மாணவர்களுக்கு, அவ்வறிவு ஓர் உலகத்தை இயக்குவதைக் கண்ணால் காணும் வாய்ப்பு இது. ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குப் போதுமான பொருள் இதில் இருக்கிறது.

எழுத்து உலகத்தைப் பரிந்துரைக்க மலைப்பகுதியின் இணைப்பும் ஒரு காரணம். ஒளியிழையில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. மூணாற்றிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். போய்வர 11 மில்லிநொடி போதும். சிங்கப்பூர் ஏறத்தாழ 3,100 கிலோமீட்டர். போய்வர 31 மில்லிநொடி. இவை இயற்பியல் விதிக்கும் குறைந்தபட்ச அளவுகள். தோட்டத்து லயங்களில் தாமதத்தைப் பெருக்குவது இயற்பியலன்று, கடைசி சில கிலோமீட்டர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் மூணாற்றுப் பகுதித் தோட்டங்களின் பிள்ளைகள் இணைய வகுப்புக்காகச் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி நெடுந்தொலைவு நடந்ததை நாளிதழ்களில் படித்தோம். கேரள அரசின் கே-ஃபோன் ஒளியிழைத் திட்டம் 2023 ஜூனில் தொடங்கப்பட்டது. அதன் பயன் கடைக்கோடி லயத்தை எட்டும் நாளுக்காகக் காத்திருக்கும்போதும் ஓர் எழுத்து உலகம் இயங்கும். அறை ஒன்றின் வருணனை சில ஆயிரம் பைட்டுக்கு மேல் போகாது. பாட்டனாரின் தோட்டத்தைப் பற்றிய உலகத்தில் அந்தத் தோட்டத்துப் பிள்ளையே நுழைய முடியாதென்றால் அதைக் கட்டுவதில் பொருளில்லை.

உரிமையும் கருதத்தக்கது. 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்னும் புதிய விதியை அறிவித்தது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்து, ஓராண்டுக்குப்பின் அவ்விதி கைவிடப்பட்டது. கைவிட்டது நன்றே. ஆயினும் நிலைத்து நிற்க வேண்டிய உலகத்தின் அடித்தளத்தை இன்னொருவர் ஓர் அறிவிப்பால் அசைக்க முடியும் என்பதை அந்த ஓராண்டு காட்டியது. ஒரு சமூகத்தின் நினைவைச் சுமக்கும் உலகத்துக்குத் திறந்த மூலப் பொறியும் தன் கையிலிருக்கும் சேவையகமுமே தக்கவை. பின்னாளில் காட்சி வேண்டுமெனில் கோடோவைச் சேர்த்துக்கொள்ளலாம். அடியிலுள்ள உலகம் மாறாது.

விளையாட்டே இளைஞரைக் கெடுக்கிறது என்னும் தடையுரையும் துறைக் கூட்டங்களில் எழும். பணம் வைத்து ஆடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை 2025ஆம் ஆண்டு இணைய விளையாட்டுச் சட்டமே காட்டியிருக்கிறது: முன்னதைத் தடை செய்து, மின்விளையாட்டையும் சமூக விளையாட்டையும் தனித்து நிறுத்துகிறது. எழுத்து உலகத்தை யார் ஆடுவார்கள் என்பது இதைவிடக் கூர்மையான தடை. பலர் ஆடமாட்டார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். முப்பது பேர் ஆடினாலும் அவர்களுடைய கட்டளைகள் எல்லைத் தமிழின் அரிய தரவாகும், அவர்கள் இசைந்து தருமளவில். அவர்களோடு சேர்ந்து செய்யும் பிழைகள் சேவையகம் எழுதுவதைக் கற்பிக்கும். மூவாயிரம் பேருக்கென்று தொடங்கி மூன்றாம் மாதம் கைவிடப்படும் காட்சி உலகங்களைவிட இது பயனுள்ளது.

ஆகவே சித்தூர் அரசுக் கல்லூரி போன்ற இடங்களின் தமிழ்த் துறைகளும், அருகிலுள்ள பொறியியல் நிறுவனங்களின் கணினித் துறைகளும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பொறியிலும் இட்டுச் சோதிக்கத்தக்க தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றைத் தொகுத்துப் பொதுவில் வைக்கலாம். அதன் முதற்சொல் 'கொழுந்து' ஆகட்டும். உருபறியும் பகுப்பி ஒன்றை ஒரு பருவத் திட்டமாக எழுதலாம். மலையாளத் துறை நண்பர்களையும் அழைக்க வேண்டும். அது மரியாதைக்காக மட்டுமன்று.

சேவையகத்துக்குள் ஒரு தேயிலைச்செடி வெறும் எண். அதன் இடமும் நிலையும் மட்டுமே அங்கு உண்டு. அதற்கு எந்த மொழியும் இல்லை. பயனரின் திரைக்கு வரும்போதுதான் அது மொழியை உடுத்துகிறது. ஆகவே ஒரே செடியின்முன் நிற்கும் இருவருள் ஒருவர் 'கொழுந்து' என்று படிக்கலாம், மற்றவர் தம் எழுத்தில் 'கொளுந்து' என்று படிக்கலாம். ஒருவர் கிள்ளியதை மற்றவர் காணலாம். உலகம் ஒன்றாகவும் மொழி இரண்டாகவும் இருக்கும் இந்த ஏற்பாட்டைப் பொறி வல்லுநர்கள் பெரும்பாடுபட்டு அடைந்தார்கள். வாளையாற்றுக்கும் குமுளிக்கும் இடையில் மக்கள் அதைத் தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறார்கள்.

வண்டிப்பெரியாற்றுத் தம்பி நேற்றிரவு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். எவென்னியாவை நிறுவிவிட்டாராம். முதல் அறைக்கு 'லயம்' என்று பெயரிட்டிருக்கிறார். 'கதவைத் திற' என்றால் இன்னும் திறக்கவில்லையாம். பகுப்பியில் கைகொடுக்க விரும்பும் தமிழ் மாணவர்களும் கணினி மாணவர்களும் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்துகளையும் வரவேற்கிறேன்.